யானைக்குள் இருந்தது

செவ்வாய்

இன்று காலை சுபஸ்ரீ மூக்கைப் பிடித்தாள்.

வட்டமாக உட்கார்ந்து கை கோத்துப் பாடும் நேரம். அவள் பக்கத்தில் தனுஷ் வந்து உட்கார்ந்தான். இருவருக்கும் நான்கு வயது. அவன் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் மூக்கை மூடிக்கொண்டு, இன்னொரு கையை முகத்துக்கு முன்னால் விசிறினாள். "உவ்வே" என்றாள். அடுத்திருந்த பையனும் விசிறினான். வட்டம் முழுக்க அது பரவியது. புதுப் பாட்டுக்கு இதுதான் ஆட்டம்போல என்று தனுஷ் நினைத்துக்கொண்டான். அவனும் சிரித்தபடி மூக்கைப் பிடித்து விசிறினான்.

அது குழந்தைகளின் கையசைப்பே இல்லை. மைதிலி மிஸ்ஸுடையது. போன வாரம் முழுக்க அவர் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் இப்படித்தான் விசிறிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் மழலையர் கல்வி டிப்ளமோ படிக்கிறேன். தினமும் ஒரு குழந்தையைக் கவனித்து எழுத வேண்டும். பார்த்ததை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது, இரண்டையும் கலக்காதே என்பது விதி. மேலே கலந்துவிட்டேன். அந்தக் கையசைப்பு மைதிலி மிஸ்ஸுடையது என்பது நான் பார்த்ததா, நினைத்ததா? முடிவு செய்யத் தெரியாததால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

பகலில் நான் மைதிலி மிஸ்ஸுக்குக் கீழே வேலை பார்க்கும் இந்த ப்ளே ஸ்கூல் கந்தப்பன் சாருடையது. அவருக்குப் பின்னல் துணிக் கம்பெனி இருக்கிறது. காரில் வந்து இறங்கும் குழந்தைகள், அவரைப் போன்ற முதலாளிகளின் வீட்டுப் பிள்ளைகள். கம்பெனி வேனில் வருபவர்கள், அவரிடம் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பெண்கள் லீவு எடுக்க மாட்டார்கள் என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். அது நல்ல ஏற்பாடுதான் என்று நானும் நினைத்தேன்.

தனுஷ் வேனில் வருபவன். அம்மா நாகஜோதி செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வந்த பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அப்பா லாரியில் போனால் திரும்பி வர நாளாகும்.

வகுப்பில் நாற்றம் இருப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. இனிப்பும் அழுகலும் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். மதியத்துக்கு மேல் கூடுகிறது. தனுஷிடமும் அது அடிக்கிறது. மைதிலி மிஸ் சொன்னபோது நம்பாமல் அவன் தலையை முகர்ந்து பார்த்தேன். சட்டையை முகர்ந்தேன். அடித்தது. அதனால்தான் என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை.

அவன் இடத்தைப் போன வாரமே வாசலுக்கு அருகே மாற்றியாகிவிட்டது. பையை வராண்டாவில் தொங்கவிடுகிறோம். இன்று மாலை நாகஜோதி வந்தபோது மைதிலி மிஸ் படியிலேயே நிறுத்திப் பேசினார். நான் உள்ளே செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, பையனத் தெனமும் தண்ணி வாக்கறீங்களா?"

"தெனமும் ரெண்டு வேளை ஊத்துறேன் மிஸ். எதுக்குக் கேக்குறீங்க?"

"உங்க பக்கமெல்லாம் கருவாடு, நண்டுன்னு வெச்சுக் குடுப்பாங்களாமே. மத்த பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்றாங்க."

"எங்க ஊருல கடலே இல்லையே மிஸ். தயிர்ச் சோறுதான் குடுத்து விடுறேன். டப்பாவத் தெறந்து பாருங்க."

"நா கொறை சொல்லலீங்க. வெள்ளிக்கிழமை பங்ஷன் இருக்குது. நாளைக்கும் நாளான்னிக்கும் ஊட்லயே வெச்சுக்குங்க. நல்லாத் தேச்சுக் குளிக்க வெச்சு, வெள்ளிக்கிழமை நேரா கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு, அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்."

"என்னா முடிவு?"

"இங்க வெச்சுக்கறதா, வேண்டாமான்னுதானுங்க."

அதற்கு நாகஜோதி, "இவன இங்க விடாட்டி நான் வேலைக்கு வர முடியாது மிஸ்," என்றார். சண்டைக்காரக் குரல் இல்லை. விலை கேட்பதுபோல் இருந்தது.

"அதுக்குத்தானுங்க நல்லாக் குளிக்க வெக்கச் சொல்றேன்," என்றார் மைதிலி மிஸ்.

அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. பேச்சு முழுக்க மரியாதை. அதைக் கேட்டுக்கொண்டே செருப்பு அடுக்கினேன். கை கழுவிய பிறகும் அழுக்கு போகாததுபோல் இருந்தது.

புதன்

பார்த்தது: தனுஷ் வரவில்லை. நாற்றம் இருந்தது.

இதை மைதிலி மிஸ்ஸிடம் சொன்னேன். "பாயில ஒட்டியிருக்கும்," என்றார். ஆயா முத்தாயி அக்கா பாயைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். மதியம் பினாயிலும் அழுகலும் சேர்ந்து அடித்தது. குழந்தைகளுக்கு மூக்கைப் பிடிக்க இன்று ஆள் இல்லை. ஆனாலும் வாசல் அருகே காலியாக இருந்த அவன் இடத்தைப் பார்த்து விசிறினார்கள். சுபஸ்ரீ அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போனாள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எந்தக் குழந்தையும் தேடவில்லை. அது யாருடையது என்று பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

குழந்தைகள் போன பிறகு நான் தேடினேன். ஜன்னல் ஓரமாகத் தொடங்கி, ஒவ்வொன்றாக முகர்ந்தேன். திரைச்சீலை, செருப்பு அடுக்கு, களிமண் டப்பா, கழிவறைச் சல்லடை, பொம்மைக் கூடை. மூக்கு பழகிவிட்டால் ஏமாற்றும் என்று நடுவில் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். தரையில் நான்கு காலில் ஊர்ந்தேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது.

கதை சொல்லும் மூலையில் யானை இருக்கிறது. திறப்பு விழாவுக்குக் கந்தப்பன் சார் கம்பெனியிலேயே தைத்துக் கொடுத்த யானை. வெளியே சாம்பல் நிறப் பனியன் துணி. உள்ளே, வெட்டும் மேசையில் மிச்சமாகும் துண்டுத் துணி. நான்கைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏறிப் படுக்கலாம். வருகிற விருந்தாளி எல்லோரிடமும், "எக்ஸ்போர்ட் துணிங்க. கடையில இப்படி ஒண்ணு கெடைக்குமா?" என்று தட்டிக் காட்டுவார்.

தனுஷுக்கு அதுதான் உயிர். சாப்பிட்டதும் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவான். வாலுக்குக் கீழே தையல் விட்டுப்போன இடத்தில் விரலை விட்டு, உள்ளிருந்து துணித் துண்டுகளை இழுப்பான். மெரூன், நேவி, ரோஸ். பிடித்தவர்களுக்குக் கொடுப்பான். என்னிடமும் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது.

யானையின் பின்பக்கம் குனிந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முத்தாயி அக்காவைக் கூப்பிட்டேன். கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தேன். முதலில் துணித் துண்டுகள் வந்தன. பிறகு கறுப்பாக, மிளகுபோல எலிப் புழுக்கை. பிறகு துணியே ஈரமாகக் கொழகொழவென்று வந்தது. அதற்குள் கூடு. ரோஸ் நிறத் துணிகளைக் கடித்துப் பஞ்சாக்கிப் பின்னிய கூடு. குட்டிகள் விரல் நுனி அளவு, கண் திறக்காதவை, கறுத்துப் போயிருந்தன. தாய் எலி பக்கத்தில் தட்டையாகக் கிடந்தது. அதைத் தட்டையாக்கியது மேலே ஏறிக் குதித்த எங்கள் பிள்ளைகள். புழு நெளிந்தது.

"அய்யோ சாமி," என்று முத்தாயி அக்கா சுவரைப் பிடித்தார். நான் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

வாயைக் கழுவும்போதுதான் உறைத்தது. தனுஷிடம் நான் முகர்ந்தது இதைத்தான். அவன் தினமும் இதைக் கட்டிக்கொண்டு தூங்கினான். நம் யானையின் நாற்றத்தை அவன் உடம்பில் ஏற்றி, அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான் என்று சொல்லியிருக்கிறோம்.

மைதிலி மிஸ் வந்து பார்த்தார். தலைப்பை மூக்கில் வைத்து, மறு கையால் விசிறினார். அதே கையசைப்பு.

"முத்தாயி, மூட்டையாக் கட்டிக் குப்பை வண்டியில போட்டுரு. வெளிய மூச்சு விடாத." பிறகு என்னிடம், "அன்பு, இது சார் குடுத்தது. தெரியுமல்ல?"

"தெரியுங்க மிஸ். தனுஷோட அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாங்களா?"

"எதுக்கு? வெள்ளிக்கிழமை வரட்டும். நாத்தம் இருக்காது. 'இப்ப நல்லாருக்கான், இப்படியே வெச்சுக்குங்க'ன்னு நானே சொல்லிடறேன். அவங்களுக்கும் சந்தோசம், நமக்கும் தொல்லை இல்ல."

"குளிக்க வெச்சதாலதான் போச்சுன்னு நெனச்சுக்குவாங்களே மிஸ்."

"நெனச்சுக்கட்டும். குளிக்கறது நல்லதுதானே?"

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. எலிக்கூட்டைவிட அந்த முகம் எனக்கு அருவருப்பாக இருந்தது. இது நினைத்தது. பார்த்தது இல்லை.

நாகஜோதியின் எண் என் போனில் இருக்கிறது. எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? யானையோடு நாற்றம் முழுக்கப் போய்விடுமா என்று ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. போனை வைத்துவிட்டேன்.

வியாழன்

நாற்றம் இல்லை.

காலையில் கார்க் குழந்தைகளை விட வந்த அம்மாக்கள் கதவருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். சுபஸ்ரீயின் அம்மா, "அந்தப் பையன நிறுத்திட்டீங்களாட்ட இருக்குதுங்க மிஸ். கிளாஸே மணக்குது!" என்றார்.

மைதிலி மிஸ் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவுங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. வளந்த வெதம் அப்படி," என்றார் இன்னொரு அம்மா.

"இத பாருங்க, இவ பேக்குல கெடந்துது." சுபஸ்ரீயின் அம்மா ஒரு ரோஸ் நிறத் துண்டுத் துணியை நக நுனியில் பிடித்துக் காட்டினார். "அவன் குடுத்தானாம். எங்க பொறுக்குனதோ, என்ன எழவோ. தூக்கிப் போடுன்னா அழுவறா." குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பையிலிருந்து சானிட்டைசர் எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அது கந்தப்பன் சாரின் எக்ஸ்போர்ட் துணி என்று சொல்ல வாய் வரை வந்தது. வாயிலேயே நின்றுவிட்டது.

நான் பயந்ததைவிட மோசமாக ஆகிவிட்டது. யானையும் தனுஷும் ஒன்றாகக் காணாமல் போயிருக்கிறார்கள். யானையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாற்றம் தனுஷோடு போனது என்பது இனி நிரூபணம் ஆன விஷயம். அதற்கு என் தேடலும் உதவியிருக்கிறது. கண்டுபிடிக்காமலே இருந்திருந்தால், அவன் வராத நாளிலும் நாறுகிறதே என்று யாராவது யோசித்திருப்பார்கள்.

ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றேனே, அதுவும் பொய். புதன்கிழமையே அவன் இல்லாமல் நாறியது. அதைவிட என்ன சான்று வேண்டும்? நான் காத்திருந்தது சான்றுக்காக இல்லை. வேலைக்காக.

மதியம் பங்ஷன் வேலை. "பல ஊர், பல பண்பாடு" என்று பேனர் அடித்து வந்துவிட்டது. ஒவ்வொரு குழந்தையும் ஒரு ஊராக வேஷம் போட்டு மேடையேற வேண்டும். சுபஸ்ரீ ராஜஸ்தான். தனுஷுக்கு மதுரை என்று எழுதி, பக்கத்தில் "அருவா" என்று குறித்திருந்தார் மைதிலி மிஸ்.

"மிஸ், மதுரைக்கு வேற ஏதாவது குடுக்கலாங்களா? கையில மல்லிப்பூச் சரம்?"

"பையன் கையில பூவா? அருவாதான் எடுப்பா இருக்கும். மதுரைன்னா எல்லாத்துக்கும் உடனே புரியோணுமல்ல? ஜாலிக்குத்தான் அன்பு. எதையுமே நீ ரொம்ப யோசிக்கற."

பனியன் அனுப்பும் அட்டைப் பெட்டியைக் கிழித்து அருவாள் வெட்டினேன். வெள்ளிக் காகிதம் ஒட்டினேன். வளைவு சரியாக வரவில்லை என்று மறுபடியும் வெட்டிச் சரி செய்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. வெட்டும்போது கூசவில்லை, அழகாக வர வேண்டும் என்பதிலேயே கவனம் இருந்தது.

மாலை வகுப்பில் இன்று, குழந்தைகளிடம் வேற்றுமை பாராட்டாமல் பழகுவது எப்படி என்ற பாடம். திரையில் ஒரு படம். பல நிறக் குழந்தைகள் புல்தரையில் கை கோத்து நின்றார்கள். எந்த நாடு என்று தெரியவில்லை. யாரும் யாரையும் பார்த்து மூக்கைப் பிடிக்கவில்லை. கீழே இருந்த வரிகளை எல்லோரும் எழுதிக்கொண்டோம். தேர்வுக்கு வருமாம்.

வெள்ளி

தனுஷ் வேட்டி சட்டையில் வந்தான். நெற்றியில் திருநீறு. நாகஜோதி புதுச் சேலை கட்டியிருந்தார். அவனைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "மோந்து பாருங்க டீச்சர்," என்றார்.

டெட்டால் நெடி குப்பென்று அடித்தது. கழுத்தின் பின்புறம், காது மடலுக்குக் கீழே, முழங்கை மடிப்பில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்த இடத்தில் என் கை பட்டதும் அவன் "ஸ்ஸ்" என்றான்.

"என்னக்கா இது?"

"துணி சோப்பு போட்டு நாருல தேச்சேன். போகாமப் போயிருமோன்னு வென்னியில டெட்டால் ஊத்தித் தேச்சேன். அழுதான். என்னா செய்யிறது. எனக்கு ஒண்ணும் வாடை தெரியல டீச்சர், ஆனா பெத்தவளுக்குத் தெரியாதுல்ல? இப்ப சொல்லுங்க, இருக்கா?"

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப வச்சுக்குருவாங்கல்ல?" என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மைதிலி மிஸ் கூப்பிட்டார். ஓடினேன்.

ஹாலில் முன்வரிசை நாற்காலிகளில் கார்ப் பெற்றோர்கள். கம்பெனியிலிருந்து அனுமதி வாங்கி வந்த பெண்கள் பின்னால் நின்றார்கள். கந்தப்பன் சார் வெள்ளை வேட்டியில், எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே வந்து நடுவில் உட்கார்ந்தார். ஊர்ப் பெயரை மைக்கில் சொல்வது என் வேலை.

ராஜஸ்தான் என்றதும் சுபஸ்ரீ தலைப்பாகையோடு வந்தாள். கந்தப்பன் சார் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம கம்பெனி ஹிந்திக்காரனுகளுக்கும் இப்படி ஒண்ணு கட்டி உட்டா, காணாமப் போனாக் கண்டுபிடிச்சுக்கலாங்க," என்றார். முன்வரிசை சிரித்தது.

"மதுரை" என்றேன்.

தனுஷ் அருவாளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். "அடேங்கப்பா! ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க!" என்றார் யாரோ. நல்ல கைதட்டல். சொல்லிக்கொடுத்தபடி அவன் சுபஸ்ரீயின் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டினான்.

சுபஸ்ரீ மூக்கைப் பிடித்தாள். மேடையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் பிடித்தார்கள். விசிறினார்கள்.

முன்வரிசை ஒரு கணம் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அந்தச் சிரிப்பு தனக்குத்தான் என்று தனுஷுக்குப் புரிந்தது. சந்தோஷமாகிவிட்டான். அருவாளைக் கீழே போட்டான். தன் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைவிட வேகமாக விசிறினான். கூட்டம் மறுபடியும் சிரித்தது. அவன் நிறுத்தவில்லை.

பின்னால் நாகஜோதி நின்றிருந்தார். அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் என் கையில் இருந்தது.

"நாத்தம் தனுஷோடது இல்லீங்க," என்றேன். குரல் கீச்சென்று ஒலித்தது. மைக்கும் கத்தியது. "அந்த மூலையில யானை இருந்துச்சுங்களே, அதுக்குள்ள எலி குட்டி போட்டுச் செத்துக் கெடந்துதுங்க. புழு வெச்சிருந்துச்சு. நாந்தான் பிரிச்சுப் பாத்தேன். அவன் அதக் கட்டிட்டுத் தூங்குவான். அதனால அவன் மேல அடிச்சுது. அவன் வராத அன்னிக்கும் நாறுச்சுங்க."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை மேடையிலிருந்து இழுத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மைதிலி மிஸ் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

கந்தப்பன் சார் கோபப்படவில்லை. எழுந்து நின்று, சிரித்த முகமாகவே பேசினார். "ஏனம்மிணி, எலி எந்த ஊட்லதான் இல்ல? என்ற ஊட்லயும்தான் செத்து நாறுது. அதுக்கென்ன, நாளைக்கே புதுசா ஒண்ணு தெச்சுப் போட்டுறலாம். இதுக்குப் போய் மைக்கப் புடிக்கோணுமா, கண்ணு?"

எல்லோரும் இளகினார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சுபஸ்ரீயின் அம்மா எழுந்தார். "ஏனுங்க, எலி சும்மா வருமுங்களா? சோத்தச் சிந்துனாத்தானே வரும்? அந்த மூலையில படுத்துக்கிட்டு யாரு திங்கறாங்க? எங்க கொழந்தைங்க டேபிள்ல உக்காந்து சாப்பிடறவங்க."

"அதானே," என்றார்கள் இரண்டு மூன்று பேர். தலைகள் பின்னால் திரும்பின. நின்றுகொண்டிருந்த பெண்கள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

எலி, புழு, கூடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தனையும் சுற்றிச் சுழன்று, புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க, யானையைப் பிரித்தபோது வந்த அதே குமட்டல் வந்தது. அன்றாவது ஓடிப்போய் வாந்தி எடுக்க ஒரு கழிவறை இருந்தது.

நாகஜோதி மேடைக்கு வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தனுஷைத் தூக்கினார். மூக்கிலிருந்த அவன் கையை எடுத்துவிட்டார். அவன் திரும்ப வைத்துக்கொண்டான். மறுபடி எடுத்துவிட்டார். மறுபடி வைத்துக்கொண்டான்.

கேட் வரை பின்னால் ஓடினேன். "அக்கா, மன்னிச்சுக்குங்க. நான்தான் கண்டுபிடிச்சேன். அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்னைக்குக் கண்டுபிடிச்சீங்க?"

"புதன்கிழமை சாயங்காலம்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லல?"

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து ரெண்டு வேளை தேச்சேன் டீச்சர். இந்தா, இன்னைக்கு விடியக்காலைலயும் தேச்சேன். விட்டுரும்மா, வலிக்குதும்மான்னு கத்துனான். ஒரு போனு போட்டுருந்தா நேத்தே விட்டுருப்பேனே." அவர் குரல் இப்போதும் உயரவில்லை. "ஊருக்கெல்லாம் மைக்குல சொல்றீங்க. தேச்ச கைக்குச் சொல்லல."

போய்விட்டார். திங்கள் முதல் வர வேண்டாம் என்று மைதிலி மிஸ் என்னிடம் சொன்னார். "உனக்கு இந்த வேலை செட் ஆகாது அன்பு, தப்பா எடுத்துக்காத," என்று மரியாதையாகவே சொன்னார்.

சனி

லைன் வீட்டைத் தேடிப் போனேன். ஒரே சுவரில் வரிசையாகக் கதவுகள். நாகஜோதி கதவருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை முதல் தனுஷ் தெருமுனை அங்கன்வாடிக்குப் போகிறான். அங்கே மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் செக்கிங் வேலையை விட்டுவிட்டு, பனியனில் பிசிறு நூல் வெட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்யப் போவதாகச் சொன்னார். எவ்வளவு கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரே, "பாதிகூட வராது," என்றார்.

"தனுஷ்கிட்ட நான் ஒண்ணு சொல்லலாமாக்கா?"

கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "சொல்லுங்க," என்றார்.

அவன் கதவுக்குச் சற்றுத் தள்ளி, சிமெண்ட் தொட்டி ஓரமாக மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். கழுத்தில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கொஞ்சம் தள்ளி நின்றான். பிறகு தன் முழங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, கிட்டே வந்தான். யார் பக்கத்தில் போவதற்கும் முன்னால் இனி அவன் இதைச் செய்வான் என்று தோன்றியது. அப்படி இல்லாமலும் போகலாம். தெரியவில்லை.

குந்தி உட்கார்ந்தேன். "தனுஷ், உன் மேல நாத்தமே இல்ல, கண்ணு. எப்பவுமே இல்ல. யானைக்குள்ள ஒரு எலி செத்துப் போச்சு. நாத்தம் அதோடது. மிஸ்ஸுங்கதான் தெரியாம உன்னச் சொல்லிட்டோம்."

அவன் கவனமாகக் கேட்டான். எலி என்றதும் கண் விரிந்தது.

"யானை எங்க?"

"யானை... இப்ப அங்க இல்ல."

"எங்க போச்சு?"

இவனிடமாவது பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். "குப்பை வண்டியில போட்டுட்டாங்க."

அவன் கையிலிருந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யானையையும் நாறுதுன்னு வெளிய போட்டுட்டாங்களா?" என்றான்.

கதவருகே நாகஜோதியின் கை கீரைக்கட்டில் நின்றது. நான் பச்சைத் துண்டுத் துணியைப் பையிலிருந்து எடுத்தேன். நேற்றே சோப்பில் ஊற வைத்து அலசிக் காயப் போட்டிருந்தேன். அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கி, முதலில் மூக்குக்குக் கொண்டுபோனான்.